வரலாறு மீட்ட அயோத்திதாச பண்டிதர்

வரலாறற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அவர்தம் வரலாற்றைத் தேடித் தந்த முன்னோடி அயோத்திதாச பண்டிதர் ஆவார்.

1845ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். சித்த மருத்துவத்திலும் தேர்ந்தார். 1891இல் திராவிட மகாஜன சபையைக் கண்டார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். நம் திருப்பத்தூரிலும் கோலார் தங்கவயலிலும் அதன் கிளைகள் தழைத்தன.

1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. ஓலைச்சுவடி, நிகண்டு, மக்கள் வழக்கு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, நம் முன்னோர் பூர்வ பௌத்தர் என அதில் நிறுவ முயன்றார். தீபாவளி, கார்த்திகைத் தீபம் ஆகியவற்றுக்கும் பௌத்தப் பொருள் கண்டார். அவர்தம் முடிபுகள் அனைத்தையும் அறிஞர் ஏற்பதில்லை. எனினும், எளிய மக்களின் நினைவும் வரலாற்றுச் சான்றே என்பதை அவர் நிலைநாட்டினார்.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அதன்பின் நெடுங்காலம் அவர் பெயரே மறக்கப்பட்டுக் கிடந்தது. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பேணிக் காத்தனர். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். 2023இல் சென்னை கிண்டியில் பண்டிதருக்குச் சிலையும் மணிமண்டபமும் எழுந்தன.

இளைஞர்களே! காத்த தாள்களே பண்டிதரை மீட்டன. உங்கள் இல்லத்துப் பழைய பத்திரத்தையும் துண்டறிக்கையையும் எரித்துவிடாதீர். தோல் ஊறிய தொட்டிகளில் உழைத்த பாட்டனார் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். நாளைய வரலாறு அதுவே.