படம் போட்ட லத்தீன் புத்தகம்

குழந்தைகளே! ஒன்றாம் வகுப்பில் அணில் படம் போட்டு, பக்கத்தில் 'அணில்' என்று எழுதியிருந்ததைப் படித்தீர்கள் அல்லவா? படத்தையும் சொல்லையும் இப்படிச் சேர்த்துப் பாடநூல் எழுதி, ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர் ஜான் அமோஸ் கொமேனியஸ். ஆசிரியர் பயிற்சியில் இவர் பெயரை நானும் படித்தேன். படமில்லாமல், மனப்பாடமாகத்தான்!

1592-ம் ஆண்டு மார்ச் 28-ல், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்தார். 16 வயதில்தான் லத்தீன் பள்ளியில் சேர முடிந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் உயர்படிப்பு முழுவதும் லத்தீனில்தான். ஆனால் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி அதுவல்ல. இலக்கண விதிகளையும் லத்தீனிலேயே எழுதி வைத்து, நெட்டுருப் போடச் சொன்னார்கள். அர்த்தம் புரியாது. தப்பாகச் சொன்னால் அடி!

லத்தீன் இலக்கணம் கொஞ்சம் நம் தமிழ் போலத்தான். 'கானிஸ்' என்றால் நாய்; 'கானெம்' என்றால் நாயை. நாம் 'ஐ' உருபு சேர்க்கிறோம், அங்கே சொல்லின் கடைசிப் பகுதி மாறுகிறது. ஆனால் 'நாய்களை' என்பதற்கு 'கானேஸ்' என்று வேறு முடிவு. இப்படிப் பெயர்ச்சொற்களில் 5 வகை உண்டு. புரியாமல் ஒப்பித்தால் என்ன ஆகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் இப்படித் தவிக்கக் கூடாது என்று நினைத்தார் கொமேனியஸ். படிப்பை முடித்து ஆசிரியரானார். ஆனால் 1618-ல் பெரும் போர் மூண்டது. 1622-ல் கொள்ளைநோய் அவருடைய மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டுபோனது. அவருடைய மதப்பிரிவுக்குத் தடை வரவே, 1628-ல் போலந்து நாட்டின் லெஷ்னோ நகருக்குப் போனார். சொந்த நாட்டில் வாழும் வாய்ப்பு மீண்டும் கிடைக்கவே இல்லை.

லெஷ்னோவில் பள்ளியில் பாடம் நடத்தியபடியே எழுதினார். 1631-ல் வந்த அவருடைய நூலில் சுமார் 8,000 லத்தீன் சொற்கள், 1,000 வாக்கியங்களுக்குள் அடங்கியிருந்தன. முதலில் சின்ன வாக்கியங்கள், போகப் போகப் பெரியவை. பல நாடுகளில் லத்தீனுக்குப் பக்கத்திலேயே தாய்மொழியையும் அச்சிட்டுப் படித்தார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் கடினமாக இருந்தது. எனவே ஹங்கேரியில் பணியாற்றியபோது படநூல் ஒன்றைத் தயாரித்தார். அது அச்சாகும் முன்பே, 1656-ல் லெஷ்னோ நகரம் தீக்கிரையானது. 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சேர்த்து எழுதிய அகராதியின் கையெழுத்துப் பிரதி சாம்பலானது. அப்போது அவருக்கு 64 வயது!

ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்தார். 1658-ல் நியூரம்பர்க் நகரில் படநூல் வெளிவந்தது. மொத்தம் 150 படங்கள். ஆரம்பத்தில் காகம் கரையும், ஆட்டுக்குட்டி கத்தும். அந்தச் சத்தத்திலிருந்தே எழுத்தைக் கற்கலாம். ரொட்டிக்கடைப் படத்தில் அடுப்புக்கு ஓர் எண், ரொட்டிக்கு ஓர் எண். பக்கத்திலுள்ள வாக்கியத்தில் அதே எண்ணைத் தேடினால் சொல் கிடைத்துவிடும்! அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது.

1670-ல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். செக் நாட்டில் அவர் பிறந்த நாள்தான் ஆசிரியர் தினம். அந்நாட்டின் 200 கொருனா நோட்டிலும் அவர் முகம் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஒரு பெரியவரின் கையும் ஒரு குழந்தையின் கையும் தெரியும்.