பாதிச் சம்பளத்துக்குப் போன ராமன்

இறுதியாண்டு வந்தாச்சு. கேன்டீன்ல டீ குடிக்கும்போதுகூட, எந்தக் கம்பெனி எவ்வளவு தரும் என்பதே பேச்சு. இதே கணக்கைப் போட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன். திருச்சியில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன்.

சென்னை பிரசிடென்சி காலேஜில் எம்.ஏ. முடித்தவர், 1907-ல் போனது நிதித்துறைக்கு! கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். வயசு பதினெட்டு, என் வயசுதான். விஞ்ஞானத்துக்குச் சம்பளம் தருகிற இடம் அன்று நம் நாட்டில் அபூர்வம்.

ஆனால் ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் பௌபஜார் தெருவிலிருந்த ஒரு விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்கூடமே கதி. வயலின் தந்தி எப்படி அதிருது, வீணைத் தந்தி எப்படி அதிருது என்று ஓயாத சோதனை. அதற்கு ஒரு பைசா சம்பளம் கிடையாது. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வேறு. இப்படியே பத்து வருஷம்!

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் ஏறக்குறைய பாதி. சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

மேடையில் பேசுபவர்கள் 1917-ஐத்தான் சொல்வார்கள். எனக்கோ அந்தப் பத்து வருஷம்தான் பெரிசாப் படுது. பாதியானாலும் அது குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம். எங்க வீட்டில் படிச்சு வேலைக்குப் போகப்போற முதல் ஆள் நான்; தங்கச்சி பிளஸ் டூ. அதனால முதல் வேலைக்குச் சம்பளம் பார்த்துத்தான் போவேன். சாயங்காலம் வந்து மோட்டார் ரீவைண்டிங் கத்துக்கலாமான்னு எங்க தெருக் கடை அண்ணன்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். வரச் சொல்லியிருக்கார்.