பழம்பொருளின் பெறுமதி கண்ட கலாயோகி

முன்னோர் விட்டுச் சென்ற பொருளை நிறுத்து விற்பது எளிது. அதனை இன்னதென அறிந்து போற்றுவது அரிது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழும் இந்நாளிலே, பாட்டன் பாட்டியரின் பெட்டகங்களிலிருந்து மூக்குப்பேணியும் பாக்குவெட்டியும் குத்துவிளக்கும் வெளிப்படுகின்றன. வெறும் பித்தளையாகக் கொண்டால் அவற்றுக்கு ஒரு விலை. கைவண்ணமாகக் கண்டால் வேறொரு பெறுமதி. இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தை உலகுக்கு அளந்து காட்டியவர், இக்கொழும்பு நகரிற் பிறந்த கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியார்.

அவர் பிறந்தது 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, சட்ட நிபுணர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி எலிசபெத் பீபி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். 1879 இல் தந்தையார் காலமாகவே, குழந்தை தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுத் தேர்ந்த இளைஞர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கினார். தோரியனைற்று என்னும் கனியத்தை உலகறியச் செய்தவரும் இவரே.

கல்லைத் தேடிச் சென்ற கண்கள் கலையைக் கண்டன. 1815 இற் கண்டியரசு வீழ்ந்தபின், அரச பணிக்கென மானிய நிலம் பெற்று வாழ்ந்த கைவினைஞர் ஆதரவிழந்திருந்தனர். கடல் கடந்து வந்த மலிவுப் பண்டம் கைவினைப் பொருளின் இடத்தைப் பிடித்திருந்தது. குமாரசுவாமியார் பொருள்களை மட்டும் திரட்டி அமையவில்லை. அவற்றைச் செய்தோரையும் தேடிச் சென்றார். எப்பொருள், எக்கருவி, எவ்வழக்கு, எச்சடங்கு என்று கேட்டறிந்தார். புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கையும் விரிவாகப் பதிவு செய்தார். அதன் பயனே 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் முன்பு பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே, தம் மேற்பார்வையில், 425 படிகளே அச்சிடுவித்தார். கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாகவே உருப்பெற்றது.

பின்னர் வட இந்தியாவிற் பயணஞ் செய்து பழைய சிற்றோவியங்களைத் திரட்டினார். அவை யாவும் முகலாய ஓவியம் என்றோ பாரசீக மரபின் கிளை என்றோ அந்நாளில் எண்ணப்பட்டன. இவரோ ஓவியத்தின் பொருளை நோக்கினார். கண்ணன் லீலையும் இராகமாலையும் தலைவன் தலைவியரின் காதலும் அவற்றில் நிறைந்திருந்தன. அரசவை நிகழ்ச்சிகளையும் மன்னர் உருவங்களையும் சிறப்பாகத் தீட்டிய முகலாய மரபினின்றும் இது வேறெனத் துணிந்து, இராசத்தான மரபு, மலைநாட்டு மரபு என இருவகைப்படுத்தி, 1916 இல் ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் நூலை வெளியிட்டார். அவர் குறித்த காலக் கணிப்புகள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர் திருத்தினர். வகுத்த பாகுபாடோ இன்றும் நிலைபெற்றுள்ளது.

பொலனறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளிடையே 1907, 1908 ஆம் ஆண்டுகளில் வெண்கலப் படிமங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கொழும்பு நூதனசாலையிலுள்ள வெண்கலங்களைப் பற்றி 1914 இல் இவர் தனிநூல் எழுதினார். ஆடவல்லான் திருவுருவின் உட்பொருளை விளக்கி 1912 இல் இவர் எழுதிய கட்டுரை, உலோகச் சிலையென்று மட்டும் கண்ட மேனாட்டார்க்கு ஒரு தத்துவத்தையே காட்டிற்று.

இத்துணை அரும்பொருள்களையும் தமக்கென வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமையுமாயின் அனைத்தையும் அளிப்பேன் என முன்வந்தார். கேட்டவர் பலர், பொருளுதவ முன்வந்தாரில்லை. 1917 இல் டென்மன் றொஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அத்தொகுதியை வாங்கி, பொஸ்தன் நுண்கலை நூதனசாலைக்கு ஈந்தார். குமாரசுவாமியாரும் அங்கேயே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராய் அமர்ந்து, முப்பதாண்டு தொண்டாற்றி, 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவிலேயே மறைந்தார். அப்பொருள்கள் அங்கே செவ்வனே பேணப்பட்டன. அதற்காக நாம் நன்றி கூறல் வேண்டும். ஆயினும் வாயிலில் வந்து நின்ற செல்வத்தை வழியனுப்பி வைத்தவர் நாமே.

பழம்பொருளை மதிப்பிட அவர் சென்ற வழி நமக்கும் உரியது. செய்தவன் யார், எதனாற் செய்தான், எப்பயன் கருதிச் செய்தான், எந்த ஊரின் வழக்கு அது என்னும் வினாக்களுக்கு விடை சொல்லத்தக்க முதியோர் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். பொருளைப் புளியிட்டு அழுத்தித் தேய்க்குமுன் அதில் எழுத்துண்டோ என்று பாருங்கள். தராசில் இடுமுன் அம்முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரலாறு அற்றுப்போன பொருள் வெறும் பித்தளையே. அதனோடு சேர்ந்த அறிவே அதன் பெறுமதி.