தந்தை காணாத நூல்கள்

பிள்ளையின் அறைக்கதவு சாத்தியிருக்கின்றது. கையிலே கைத்தொலைபேசி. உள்ளே யாருடன் உரையாடுகின்றது, எதனைப் பார்க்கின்றது என்று பெற்றோர் அறியார். இக்கவலை நமது காலத்தில்தான் பிறந்தது என எண்ணுவோர், அவிலா நகர்ப் புனித தெரேசாவின் இளமைக்காலத்தைச் சற்று நோக்கவேண்டும்.

அவர் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் ஸ்பெயின் நாட்டிலே பிறந்தார். தந்தை அலோன்சோ, பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே நல்ல நூல்களை வீட்டில் வைத்திருந்தவர். புனிதர்களின் வரலாறுகளை வாசித்த சிறுமி தெரேசா, வேதசாட்சியாக மரிக்க ஆவல்கொண்டு சகோதரன் ரொட்ரிகோவுடன் வீட்டைவிட்டே புறப்பட்டார். வாசித்தது உடனே உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பு அவருடையது.

தாய் பெயட்றிஸ் பக்திமிக்கவர், நோயாளி. வீரர்களின் காதலையும் சாகசத்தையும் கூறும் கதைநூல்களில் அவருக்கு நாட்டம் இருந்தது. தம் துன்பங்களை மறக்கவும், பிள்ளைகள் வேறு வழியிற் கெட்டுவிடாதிருக்கவும் அவர் அவற்றை இடங்கொடுத்து வாசிக்கவிட்டிருக்கலாம் என்று தெரேசாவே பின்னாளில் எழுதினார். களைத்த வேளையில் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் செல்லும் தாய்மாரை நானும் காண்கின்றேன். குறைகூற மனம் வருவதில்லை. பெயட்றிஸ் தம் கடமைகளில் தவறவில்லை. மகளோ இரவும் பகலும் அக்கதைகளிலேயே மூழ்கினார். புதிய நூல் கையில் இல்லாவிடில் அவருக்கு நிம்மதியில்லை. தந்தைக்கு அவை அறவே பிடிக்காதபடியால், அவர் காணாதவாறு வாசிப்பதே வழக்கமாயிற்று. ஒரே வீட்டில் ஒருவர் வெறுத்ததை மற்றவர் அனுமதித்தார். கதைகளைவிட இந்த ஒளிவுமறைவே அதிகம் கெடுத்தது என்பது என் எண்ணம்.

தெரேசாவுக்குப் பதின்மூன்று வயதளவில் தாய் இறந்தார். ஆடை, கூந்தல், நறுமணப் பொருட்கள் என்று மனம் அலைந்தது. வீண்பேச்சுடைய உறவுக்காரப் பெண்ணொருத்தி நெருங்கிய தோழியானாள். நற்பண்புடைய மூத்த சகோதரி மரியா அருகிலேயே இருந்தும், அவரிடமிருந்து தாம் எதையும் கற்கவில்லை என தெரேசா வருந்தினார். தந்தையும் சகோதரியும் கண்டித்துப் பார்த்தனர், பயனில்லை. பணிப்பெண்களும் மறைவாக உதவினர்.

1531இல் மரியாவுக்குத் திருமணம் நடந்தது. தாயில்லாத மகள் வீட்டில் தனித்திருப்பது தகாது என்பதை வெளிக்காரணமாக்கி, தந்தை அவரை அவிலாவிலுள்ள அகுஸ்தீனியக் கன்னியர் மடத்தில் தங்கிக் கற்கவிட்டார். மகளின் பெயர் ஊர்வாயில் அடிபடவில்லை. தண்டிப்பதிலும் இவ்வளவு மென்மை! முதல் எட்டு நாட்கள் தெரேசா துன்புற்றார். வெளியிலிருந்து இரகசியச் செய்திகளும் வந்தன. ஆயினும் பதிலுக்கு வழியில்லாமையால் அவை விரைவில் ஓய்ந்தன. பூட்டிய கதவு மட்டும் அவரை மாற்றவில்லை. மரியா பிறிசெனோ என்னும் கன்னிகை அன்போடு அமர்ந்து இறைவனைப்பற்றி உரையாடினார். அவ்வுரையாடல் பழைய நட்பின் இடத்தை மெல்ல நிரப்பியது.

1535இல் தெரேசா கார்மேல் மடத்தில் நுழைந்தார். தம் வரலாற்றை எழுதியபோது, இளம்பருவத்தில் பிள்ளைகள் யாருடன் பழகுகின்றனர் என்பதில் மிகுந்த விழிப்பாயிருக்கும்படி பெற்றோரை வேண்டினார். 1970இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

தந்தை 1543இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தெரேசா அவருக்கு உள்ளத்தால் செபிக்கும் முறையைக் கற்பித்திருந்தார். அதற்கு வேண்டிய நூல்களையும், ஒருகாலத்தில் அவர் கண்ணிற்படாமல் வாசித்த அதே மகள், தாமே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.