திட்டாத தலைவர்!

குட்டீஸ்! நீங்களே ஆசையாகச் செய்த பொம்மை, எல்லாரும் பார்க்கும் நேரத்தில் ஓடாமல் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? ஒருநாள் தும்பாவில் இளம் பொறியாளர் அப்துல் கலாமுக்கு அப்படித்தான் இருந்தது. அப்போது அவருடைய தலைவர் என்ன செய்தார் தெரியுமா?

அந்தத் தலைவர்தான் டாக்டர் விக்ரம் சாராபாய். 1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் பெரிய ஆலை அதிபர். அம்மா சரளாதேவி. தங்கள் 8 பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அங்கே பட்டறையும் உண்டு. சிறுவன் விக்ரம் அதில் நிஜமாகவே ஓடும் குட்டி ரயில் என்ஜினைச் செய்தார். தாகூர், சி.வி.ராமன் போன்ற மேதைகள் அந்த வீட்டுக்கு விருந்தினராக வருவார்கள். திறமைசாலிகளை மதிக்கும் வழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் படித்தவர், பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1962-ல் இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவின் தலைவரானார். திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைந்தது. அங்கிருந்த மாதா கோவில்தான் அலுவலகம்! ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது.

அது அமெரிக்க ராக்கெட். நம் ராக்கெட்டை நாமே செய்ய வேண்டும் என்பது சாராபாயின் ஆசை. அதற்காகத் திறமையான இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். ஆளுக்கொரு வேலையை நம்பி ஒப்படைத்தார். பக்கத்தில் நின்று நச்சரிக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். ராக்கெட்டின் மூக்குப் பகுதி தனியே கழன்று விழ வேண்டும். அதற்கான சோதனையைத் தொடங்கி வைக்க சாராபாய் வந்தார். பொத்தானை அழுத்தினார். ஒன்றுமே நடக்கவில்லை! நேரத்தைக் கணக்கிடும் மின்சுற்றில் கோளாறு. அதைத் துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தியபோது மூக்குப் பகுதி கழன்றது. 

அன்று இரவு கலாமைக் கோவளத்துக்கு அழைத்தார் சாராபாய். கலாம் பயந்துகொண்டே போனார். ஆனால் அவர் திட்டவில்லை. வேலையைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுக்கவும் இல்லை. தவறு எதனால் வந்தது என்று பொறுமையாகப் பேசினார். பாகங்களை ஒரே கூரையின் கீழ் பொருத்திப் பார்க்க இடமில்லாததுதான் குறை என்பது புரிந்தது. விடிவதற்குள் அதற்கென ராக்கெட் பொறியியல் பிரிவு தொடங்க முடிவாகிவிட்டது!

1971 டிசம்பர் 30-ல், 52 வயதில், சாராபாய் காலமானார். 1980 ஜூலை 18-ல் நம் நாட்டின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. அந்தத் திட்டத்தின் தலைவர் யார் தெரியுமா? அன்று பயந்துகொண்டே போன அதே கலாம்தான்!

பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் குழுத் தலைவரா? நன்றாகப் படம் வரையும் நண்பனிடம் வண்ணங்களைக் கொடுத்துவிட்டு, அவன் விருப்பப்படி வரைய விடுங்கள். தப்பு வந்தால் திட்டாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். சரிதானே, குட்டீஸ்?