அணுவுக்கு எண் கண்ட மோசிலி

விஞ்ஞான மாணவர் யாவரும் மூலகங்களின் அணுவெண்களை மனனஞ் செய்கின்றனர். அவ்வெண்களை ஆய்வுசாலையில் மெய்ப்பித்த இளைஞரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹென்றி மோசிலி 1887 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இங்கிலாந்தின் வெய்மத் நகரிற் பிறந்தார். சலெஞ்சர் கப்பலிற் சென்று கடலாய்வு செய்தவரான தந்தையார், மைந்தனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே காலமானார். ஈட்டனிலும் ஒக்ஸ்போட்டிலும் பயின்ற மோசிலி, 1910 இல் மஞ்செஸ்டர் சென்று இரதபோட்டின் ஆய்வுசாலையிற் சேர்ந்தார்.

அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்றுண்டென்றும், அணுவின் நிறையிற் பெரும்பகுதி அதனுள் அடங்குமென்றும் இரதபோட் 1911 இல் வெளியிட்டார். ஆயின் அக்கருவின் ஏற்றம் எவ்வளவு? அக்காலத்தார் மூலகங்களை அணுநிறைப்படியே வரிசைப்படுத்தினர். அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கோபாற்று நிக்கலினும் சிறிது நிறைமிக்கது. நிறையைப் பின்பற்றின் நிக்கலே முன் நிற்றல் வேண்டும். இரசாயனக் குணங்களோ கோபாற்றை முன்வைக்கச் சொல்லின. வரிசையெண்ணே கருவின் ஏற்றமாகலாம் என ஒல்லாந்தரான வன் டென் புறூக் ஊகித்தார், ஊகம் சான்றாகாது.

சான்று தேடப் புகுந்த மோசிலி, 1913 இல், வெற்றிடக் குழாயினுள் ஓடும் சிறு வண்டியொன்றில் மூலகத் துண்டுகளை வைத்து, பட்டுநூலால் இழுத்து, ஒவ்வொன்றையும் இலத்திரன் கற்றைக்கு எதிரே நிறுத்தினார். அவை வீசிய எக்ஸ் கதிர்களைப் பளிங்கினாற் பிரித்துப் படம் பிடித்தார். அக்கதிர்களின் மீடிறனுடைய வர்க்கமூலம் மூலகத்துக்கு மூலகம் ஏறத்தாழ ஒரே அளவினால் உயர்ந்து சென்றது. கோபாற்று 27 இலும் நிக்கல் 28 இலும் ஐயமின்றி நின்றன. மூலகத்தை இன்னதென நிறுவுவது நிறையன்று, கருவின் ஏற்றமே என்பது துணியப்பட்டது. எத்துணை எளிய கருவி, எத்துணைப் பெரிய முடிபு!

1914 இல் அலுமினியம் முதற் பொன் வரை ஆராய்ந்து, 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாயிருத்தலையுங் காட்டினார். பிரான்சிய இரசாயன அறிஞர் ஊர்பெயின் பல்லாண்டு பாடுபட்டுப் பிரித்த அருமண் மாதிரிகளை ஒக்ஸ்போட்டுக்குக் கொண்டுவர, அவற்றின் கூறுகளை மோசிலி சின்னாளிற் கண்டுரைத்தார்.

அவ்வாண்டே போர் மூண்டது. அறிஞர் மகாநாட்டுக்காக அவுஸ்திரேலியா சென்றிருந்த மோசிலி விரைந்து மீண்டு, தாமே முயன்று பொறியியற் படையிற் சேர்ந்தார். 1915 ஆகத்து 10 ஆந் திகதி, கலிப்போலிக் களத்திற் குண்டுபட்டு மாண்டார். வயது 27. அத்தகையவரைக் களமுனைக்கு அனுப்பியமையை இரதபோட் பகிரங்கமாகக் குறைகூறினார். உயிர் யாவும் ஒப்பென்பாரை நாம் மறுக்கோம். ஆயினும் இரதபோட்டின் குறை நியாயமானதென்றே கருதுகின்றோம்.

களத்தில் எழுதிய மரணசாசனத்தில், தம் உடைமைகளை ஆராய்ச்சி வளர்ச்சிக்கென இலண்டன் றோயல் சங்கத்துக்கு விட்டுச் சென்றிருந்தார். அவர் வெறுமையெனக் காட்டிய இடங்களில் 75 ஆவது 1925 இலும், 43 ஆவது 1937 இலும், 61 ஆவது 1945 இலும் நிரம்பின.