கடலில் மறைந்த டீசல்

மரக்காணம் உப்பளங்களில் கோடைக் காலத்தில் விடியும் முன்பே ஒரு சத்தம் கேட்கும். உப்பு நீரைப் பாத்திக்கு இறைக்கும் என்ஜினின் சத்தம் அது. இப்போது பல இடங்களில் மின்சார மோட்டார் வந்துவிட்டது. என்றாலும் கரண்ட் எட்டாத பாத்திகளில் டீசல் என்ஜின்தான் கை கொடுக்கிறது.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். உலகத்துக்கே என்ஜின் கொடுத்த அந்த மனிதர், கடன்காரராகி, ஒரு நாள் இரவு நடுக்கடலில் மாயமாக மறைந்தார்.

ஏழைத் தொழிலாளியின் மகன்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தியோடர் புத்தகம் பைண்டு செய்பவர். பிறகு தோல் பொருள்கள் செய்து விற்றார். வருமானம் குறைவு.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசலின் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே வறுமை வாட்டியது. அப்போது ருடால்புக்கு வயது 12. ஒரு வயிறாவது குறையட்டும் என்று எண்ணினார்களோ என்னவோ, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் பையனை அனுப்பிவிட்டார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார்.

பையன் படிப்பில் புலி. 14 வயதிலேயே என்ஜினீயர் ஆவது என்று முடிவு செய்துவிட்டான். மகன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆனால் உபகாரச் சம்பளம் கிடைக்கவே, அவன் மியூனிக் நகருக்குப் போய்த் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

வகுப்பில் கேட்ட கணக்கு

அங்கே அவருக்குப் பேராசிரியராக இருந்தவர் கார்ல் வான் லிண்டே. ஐஸ் செய்யும் எந்திரத்தில் பெயர் பெற்றவர். ஒரு நாள் அவர் நீராவி என்ஜினைப் பற்றிப் பாடம் நடத்தினார். எரிக்கும் கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு கூட வேலைக்குப் பயன்படுவதில்லை. மீதி எல்லாம் வீண் என்பது பாடம். டீசலுக்கு அது நெஞ்சில் தைத்தது. கஷ்டப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் அல்லவா? வீண் என்ற சொல் அவருக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலைக்காகப் பாரிசில் வேலை பார்த்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் ஐஸ், இரவில் என்ஜின் கனவு. இப்படியே பல ஆண்டுகள் ஓடின.

நெருப்புப் பொறி இல்லாத என்ஜின்

அதற்குள் பெட்ரோல் என்ஜின் பிறந்துவிட்டது. ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் 1876-ல் புது வகை என்ஜின் செய்தார். அந்த வழியிலே கார்ல் பென்ஸ் 1886-ல் மோட்டார் காரை உருவாக்கினார். இந்த என்ஜினில் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு நெருப்புப் பொறி அதைப் பற்ற வைக்கும்.

டீசல் வேறு வழியில் போனார். சைக்கிளுக்குக் காற்று அடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும் என்பதே காரணம். இன்னும் பல மடங்கு அழுத்தினால் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். அப்படியானால் நெருப்புப் பொறி எதற்கு? எண்ணெயும் குறைவாகச் செலவாகுமே! இதுதான் டீசலின் யோசனை.

1892-ல் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். மறு ஆண்டு ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையில் சோதனை தொடங்கியது. 1893 ஆகஸ்டு 10-ந்தேதி என்ஜினுக்குள் முதன்முதலாக எண்ணெய் செலுத்தப்பட்டது. பயங்கர வெடிச் சத்தம்! அழுத்தம் காட்டும் கருவி துண்டு துண்டாகப் பறந்தது. டீசல் உயிர் தப்பினார்.

அவர் பயப்படவில்லை. எண்ணெய் தானாகப் பற்றும் என்பது நிச்சயமாகிவிட்டதே என்று மகிழ்ந்தார். மேலும் மூன்றரை ஆண்டு பாடுபட்டார். 1897 பிப்ரவரி 17-ந்தேதி ஒரு பேராசிரியர் முன்னிலையில் என்ஜின் ஓடியது. அதன் சக்தி சுமார் 20 குதிரை சக்தி. எண்ணெயின் சூட்டில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. நீராவி என்ஜின் தலை குனிந்தது. அந்த என்ஜினை இன்றும் மியூனிக் பொருட்காட்சிச் சாலையில் காணலாம்.

பணம் வந்தது, போனது

பல நாட்டு முதலாளிகளும் பணத்துடன் வந்தார்கள். டீசல் பெரும் பணக்காரர் ஆனார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. நம் ஊர் செக்கு எண்ணெயிலும் என்ஜின் ஓடும் என்று அன்றே தெரிந்துவிட்டது!

ஆனால் என்ஜின் கணக்கில் புலியாக இருந்தவர் பணக் கணக்கில் கோட்டை விட்டார். நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்தது. காப்புரிமை வழக்குகள் அலைக்கழித்தன. உடம்பும் கெட்டது. இதை அவர் வீட்டாரிடம் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29-ந்தேதி மாலை, பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். நண்பர்களுடன் உணவு உண்டார். இரவு 10 மணி அளவில் தம் அறைக்குப் போனார். காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் தளத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அப்போது அவருக்கு வயது 55.

பத்து நாள் கழித்து, கடலில் மிதந்த ஓர் உடலை டச்சுப் படகுக்காரர்கள் கண்டார்கள். உடல் மிகவும் சிதைந்திருந்ததால் பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மருந்துப் பெட்டி, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு. இவை தம் தந்தையுடையவை என்று மகன் யூஜின் அடையாளம் சொன்னார்.

புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்படி கூறியிருந்தார் டீசல். மார்த்தா திறந்து பார்த்தார். உள்ளே 20 ஆயிரம் மார்க் பணமும், வங்கியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. தற்கொலையா, கொலையா என்று ஊர் பேசியது. அந்தப் பையைப் பார்த்தால் தற்கொலை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

காருக்குள் வந்த கதை

டீசல் தம் என்ஜின் காரில் ஓடியதைப் பார்க்கவில்லை. அது அவ்வளவு பெரிதாக இருந்தது. 1927-ல் பாஷ் கம்பெனி எண்ணெயைப் பீச்சும் சிறு பம்பைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதன்பின் என்ஜின் சிறிதாயிற்று. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார் விற்பனைக்கு வந்தது. அதை விரும்பி வாங்கியவர்கள் வாடகைக் கார்க்காரர்கள். ஓயாமல் ஓடுகிறவனுக்குத்தான் டீசலில் லாபம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டில் லாரிக்கும் பஸ்சுக்கும் விவசாயிக்கும் உதவ டீசல் விலையை அரசு குறைத்து வைத்திருந்தது. அதனால் குடும்பக் கார்களும் டீசலுக்கு மாறின. 2010-ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும், 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கின. விலை வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் கடுமையான புகை விதி வந்தது. மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது.

ஆகவே பழைய கார் வாங்கும் குடும்பம் கணக்குப் போட வேண்டும். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுகின்றன. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம் மிச்சம். டீசல் காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் திரும்ப 48 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் அவ்வப்போது போய் மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு அதற்கு எட்டு ஆண்டு ஆகும். சென்னைக்கு உப்பு வியாபாரமாக அலைந்து மாதம் 2,000 ஓட்டுகிறவருக்கு இரண்டே ஆண்டு.

செப்புச் செலவையும் சேருங்கள். டீசல் காரின் எண்ணெய் பீச்சும் கருவி பழுதானால் செலவு பெரிது. 2020-க்குப் பிந்திய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். கடைத்தெருவரை மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நன்றாக ஓடினால்தான் கரி எரிந்து போகும்.

பார்க்கப் போகும்போது காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும் வேளையில் போங்கள். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு டார்ச் விளக்கோடு காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கு மேலே பெயிண்டு பளபளக்கும். கீழே துரு தின்றிருக்கும். பெட்ரோல் வண்டி, டீசல் வண்டி என்று அது பார்ப்பதில்லை.